கரைத் தடிப்புப் பட்டியல்

ஆலடிப்புலம் மக்கள் ஒன்றியத்தின் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா, தன் படத்தைச் சுற்றியிருந்த கோட்டை அடிமட்டம் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்திருந்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில், எட்டாம் மாடிக் குசினியில் நின்று சிறிதேவி பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, குறை நினைக்கக்கூடாது. எனக்கெண்டு கேக்கேல்லை, பதவிக்கெண்டு கேக்கிறன். யேசுரட்ணத்தின்ரை போடர் என்ரையிலும் பாக்க ஒரு நூல் மொத்தமாக் கிடக்கு.”

யேசுரட்ணம் ஒன்றியத்தின் செயலாளர். இரண்டு படங்களுக்கும் ஒரே தடிப்பில்தான் கரை போட்டிருப்பதாக அவள் சொன்னாள். செயலாளர் வெள்ளைச் சேட்டுடன் நிற்பதால் குங்குமக் கலர்க் கோடு எடுப்பாகத் தெரியலாம் என்றும் சொன்னாள். தலைவர் மறுமுனையில் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஒரே தடிப்பு என்பதுதானே பிரச்சினை என்றார்.

அது 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம். புலம்பெயர்ந்த ஊர்க்காரர் சேர்ந்து தொடங்கிய ஒன்றியத்துக்குப் பதினைந்து வயது நிறைவதை ஒட்டி ஏப்ரல் கடைசியில் விழா, விழாவில் மலர் வெளியீடு. இதற்கு முன்பு வந்த நான்கு மலர்களையும் பாமினி எழுத்துருவில் தட்டி, படங்களை நிறுத்தி, பக்கம் பக்கமாகக் கட்டியெழுப்பியவள் சிறிதேவிதான். நான்கிலும் அவள் பெயர் இல்லை. முதலாவதில் ‘கணினி உதவி: நண்பர்கள்’ என்றிருந்தது. இரண்டாவதில் ‘திருமதி குகநேசன்’. மூன்றாவதில் எதுவுமே இல்லை. நான்காவதில், நன்றியுரையின் முடிவில், தேநீர் ஊற்றிய மகளிருடன் சேர்த்து அவளுக்கும் பொதுவாக ஒரு நன்றி விழுந்திருந்தது.

இந்த முறை அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். இரண்டாம் பக்கத்தில், மலர்க்குழுவினர் பெயர்களுக்குக் கீழே, ‘பக்க வடிவமைப்பு: சிறிதேவி குகநேசன்’ என்று ஒரு வரி வரவேண்டும். ஜனவரிக் கூட்டத்தில் அதைக் கேட்பதற்கு முன் ரயிலில் ஏழு தரிப்பிடங்களுக்கு மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். இதென்ன பெரிய விசயமே என்றார்கள். கூட்டக் குறிப்பிலும் எழுதிக்கொண்டார்கள். பெரிய விஷயமில்லை என்று அவர்கள் அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் அவளுக்கு உறுத்தியது. நாற்பத்து மூன்று வயதில் ஒரு வரிக்காக ஏன் இப்படித் தவிக்கிறாய் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் கிடைக்கவில்லை. தவிப்பும் குறையவில்லை.

அவளுடைய வேலை ஒஸ்லோவில் ஒரு பொறியியல் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில். பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளர்கள் வெடிப்புகளையும் துருவையும் படமெடுத்து வருவார்கள். ஓர் அறிக்கைக்கு முந்நூறு, நானூறு படம். பனிக்காலத்துப் படங்களில் ஒரு தொல்லை இருந்தது. கரை போடாவிட்டால் படத்திலிருக்கும் பனியும் வெள்ளைத் தாளும் ஒன்றாகி, பாலம் அந்தரத்தில் மிதக்கும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் அச்சளவில் அரை பொயின்ற் தடிப்பில் சாம்பல் கோடு போடவேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. மூன்று வருடம் அவள் அதைக் கையால் செய்தாள். படத்தைத் தொடு, பட்டியைத் திற, கோட்டைத் தெரிவுசெய், தடிப்பைத் தெரிவுசெய், மூடு, அடுத்த படம். மணிக்கட்டு வீங்கியபோது மாலை வகுப்பொன்றுக்குப் போய் மக்ரோ எழுதப் படித்தாள். வேர்டுக்குள்ளேயே ஓடும் சின்னக் கட்டளைத் தொகுப்பு, பதினான்கு வரி. படம் படமாகப் போய்த் தானே கோடு போட்டுவிட்டு வரும். ஃபியோர்ட் கடற்கழியைக் கடக்கும் பெரும் பாலத்துக்கும் தோட்டத்துப் பாதைக்குக் கீழே கிடக்கும் குழாய்க்கும் ஒரே அரை பொயின்ற். மேலதிகாரி வந்து நின்று பார்த்தார். அவர் கோப்பி ஊற்றி முடிக்குமுன் நானூறு படமும் முடிந்துவிட்டன. “ஃப்ளிங்க்” என்றார். கெட்டிக்காரி என்று பொருள். தானாகச் சப்பாத்து நாடா கட்டும் பிள்ளைக்கும் இந்த நாட்டில் அதே சொல்தான்.

மலரில் நூற்றெண்பத்தேழு படங்கள் இருந்தன. வாழ்த்துச் செய்தி தந்தவர்கள், முன்னாள் நிர்வாகிகள், இந்நாள் நிர்வாகிகள், விளையாட்டுப் போட்டிக்கு விசில் ஊதியவர்கள். காலமானவர்களுக்குக் கறுப்புக் கரை, மற்றவர்களுக்குக் குங்குமக் கரை. அந்த ஒரு விதியில் மட்டும் யாருக்கும் மனக்குறை இருக்கவில்லை. கறுப்பை யாரும் கேட்டு வாங்கவுமில்லை. தடிப்பைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லாததால், அவள் அலுவலகப் பழக்கத்தில் எல்லோருக்கும் அரை பொயின்ற் போட்டு, பார்வைக்காக மின்னஞ்சலில் சுற்றுக்கு விட்டாள்.

இரண்டு நாள் அமைதி. பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

தலைவரைக் கொஞ்சம் உயர்த்தினாள், செயலாளர் கேட்டார். செயலாளரை உயர்த்தினாள்; தலைவர் அடிமட்டம் எடுத்தார். ஒருவர் ஏறினால் ஒன்பது பேர் இறங்கினார்கள். நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் மனைவிமாரை விட்டுக் கேட்பித்தார்கள். மனைவிமார் முதலில் பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் வலி எல்லாம் விசாரித்துவிட்டு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் கரைக்கு வந்தார்கள்.

சிறிதேவிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை அவள் அவ்வளவாக நம்பவுமில்லை. இந்த நாட்டில் வேலையிடத்து முதலாளியும் துப்புரவு செய்பவரும் ஒருவரையொருவர் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தலைவரை அவரது பேருந்துக் கம்பனியில் இருபது வயதுப் பொடியன்கள்கூட ‘ஸ்ரீ’ என்றுதான் அழைப்பார்கள். வருடம் முழுக்க வெறும் ஸ்ரீயாக இருந்த மனிதர் ஒரு மலரில், ஒரு பக்கத்தில், ‘பெருமதிப்பிற்குரிய’ ஆக ஆசைப்படுகிறார். அதில் என்ன பாவம் என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு வரி வேண்டியிருந்ததுதானே. ஆனால் தன்னுடையது உழைத்ததற்கான கூலி, அவர்களுடையது வெறும் வீம்பு என்று உடனே மனதுக்குள் ஒரு கோடும் போட்டுக்கொண்டாள். தடித்த கோடு.

அவள் கணவன் குகநேசன் மலர்க்குழு இணைப்பாளர். இணைப்பது அவனுடைய வேலை; இதுவரை இணைத்தது தொலைபேசி எடுத்தவர்களை அவளுடன். நாலாம் நாள் அவனே ஒரு வழி சொன்னான். “உம்மடை வேலையிடத்திலை செய்யிற மாதிரி ஒரு மக்ரோவை எழுதிவிடுமன். அது தன்ரை பாட்டிலை செய்யும்.”

“அங்கை எல்லாத்துக்கும் அரை. இஞ்சை ஆருக்கு எவ்வளவு எண்டு ஒரு பட்டியல் குடுத்தாத்தான் அது செய்யும்.”

“அதுக்கென்ன, கமிற்றியிட்டைக் கேட்டாப் போச்சு.”

கேட்டால் போச்சு என்பது சரியாகத்தான் இருந்தது.

கூட்டம் பியோர்ண்டால் பகுதியிலுள்ள தலைவர் வீட்டு வரவேற்பறையில் நடந்தது. மிக்சரும் தேநீரும் வந்தன. சிறிதேவி ஒரு தாளில் மூன்று நிரல் கீறிக் கொண்டுபோயிருந்தாள்: பெயர், பதவி, தடிப்பு. வேர்டில் படக் கரைக்கு ஒன்பது தடிப்புகள்தான் உண்டு என்று விளக்கினாள். கால் பொயின்ற் தொடக்கம் ஆறு பொயின்ற் வரை. அவர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றியத்தில் இந்நாள் தலைவர், ஸ்தாபகத் தலைவர், முன்னாள் தலைவர்கள், காப்பாளர்கள், ஆலோசகர்கள் என்று பதினேழு படிகள் இருந்தன. முந்நூறு குடும்பம் உள்ள ஊருக்கு உலகத்து மென்பொருளில் இடம் போதவில்லை என்பது தெரியவந்தபோது ஒரு கணம் அறையில் பெருமைகூடப் படர்ந்தது.

பிறகு எல்லோருடைய கையும் மிக்சருக்குப் போனது. இத்தனை நாளும் ஒவ்வொருவரும் தனித்தனியே தொலைபேசியில் தமக்குரியதைக் கேட்டிருந்தார்கள். இப்போது அதைத்தான் சபையில் சொல்லவேண்டியிருந்தது. தலைவர் தேநீர்க் கோப்பையைச் சுழற்றினார்.

“இதையெல்லாம் எழுதவேணுமே, தங்கச்சி? நீங்களே ஆளாளைப் பாத்துப் பதமாச் செய்துவிடுங்கோவன்.”

“எழுதாட்டி அது செய்யாது, அண்ணை. அதுக்கு ஆளைத் தெரியாது.”

பொருளாளர் வரதராசா துணிந்து, எல்லோரும் சமம் என்று போட்டுவிடுவோம் என்றார். அப்படியென்றால் நீர் அரையை எடுக்கிறீரோ என்று செயலாளர் கேட்டார். தான் கொள்கையளவில்தான் சொன்னதாக வரதராசா விளக்கினார். கொள்கையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். தாள் வெறுமையாகவே வீடு திரும்பியது.

ஆனால் அன்று மாலைக்குள்ளேயே இரகசியமாக நிரம்பத் தொடங்கியது. காருக்குள் இருந்து ஒருவர் அழைத்தார். பலசரக்குக் கடைக்குப் போன இடத்தில் ஒருவர் தக்காளிப்பழத்தைத் தெரிந்தெடுத்துக்கொண்டே காதோடு சொன்னார். அவள் எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றினாள். யார் எதற்காகக் கேட்டார் என்பது குழம்பிவிடக்கூடாது என்று நான்காவதாக ஒரு நிரலைச் சேர்த்து ‘காரணம்’ என்று தலைப்பிட்டாள். முதலில் அது வெறும் குறிப்பாகத்தான் இருந்தது. ‘ஸ்தாபக உறுப்பினர்.’ ‘இருமுறை செயலாளர்.’ போகப்போகக் கை தானாக நீண்டது.

‘முன்னாள் தலைவர் சச்சிதானந்தன், இரண்டேகால். மனைவி கேட்டார். தான் கேட்டதாகச் சொல்லவேண்டாம் என்று அவரும் கேட்டார்.’

‘பொருளாளர் வரதராசா, இரண்டேகால். கொள்கையளவில் அரை.’

‘ஆலோசகர், ஒன்றரை. தம்பியாருக்கு ஒன்றரை என்றால் தனக்கு இரண்டேகால் வேண்டும். தம்பியை ஒன்றுக்கு இறக்கினாலும் போதும்.’

‘தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா, மூன்று. அடிமட்டம் வைத்திருக்கிறார்.’

சொறியச் சொறிய இனிக்கும் சிரங்கு மாதிரி இருந்தது அந்த நிரல். வேலை முடிந்து வந்து கணினிக்கு முன் அமரும்போது, இன்று யார் கேட்டார்கள் என்று மனம் ஆவலோடு தேடுவதை அவள் கவனித்தாள். நல்லவர்களாக யாராவது அழைத்து ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டால் சிறு ஏமாற்றம்கூட வந்தது. பட்டியலில் ஒரே ஒரு வரியில்தான் அவள் கேலியாக எதையும் எழுத இயலவில்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் சமையல் வேலை செய்யும் பூமணியக்கா, பதினைந்து வருடமாக ஒன்றியத்தின் விழாக்களுக்குப் பலகாரம் சுட்டவர். ‘அரை. எதுவும் கேட்கவில்லை.’

பட்டியலை மலர்க் கோப்பின் கடைசிப் பக்கத்திலேயே, பொடி எழுத்தில் இரண்டு பத்தியாக நெருக்கி, ஓர் அட்டவணையாக வைத்தாள். மக்ரோ அங்கிருந்து பெயரை வாசித்து, படத்துக்குக் கீழே உள்ள பெயருடன் பொருத்தி, தடிப்பை எடுத்துக் கரை போடும். மற்றவர்கள் கண்ணில் படாமலிருக்க அந்தப் பக்க எழுத்தை ‘மறைந்த எழுத்து’ ஆக்கினாள். வேர்டில் அப்படி ஒரு வசதி உண்டு. கேட்டாலொழிய அது திரையிலும் தெரியாது, தாளிலும் விழாது.

முதல் ஓட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. மக்ரோவுக்குப் படம் என்றால் படம். மனிதர், கடவுள் என்ற பேதம் இல்லை. வாழ்த்துச் செய்திகளின் கீழே ஒட்டியிருந்த கையொப்பங்களும் அதற்குப் படங்கள்தான். தலைவருடைய கையொப்பம் மூன்று பொயின்ற் குங்குமக் கரைக்குள், அரியணையில் ஏறியதுபோல் உட்கார்ந்திருந்தது. முதற் பக்கத்துப் பிள்ளையார் பட்டியலில் இல்லாததால் கரையே இல்லாமல் நின்றார். கையொப்பங்களை விலக்கும்படி இரண்டு வரி சேர்த்தாள். பிள்ளையார் விஷயத்தைக் கமிற்றிக்குத் தெரியப்படுத்தினாள். மூன்று என்றால் தலைவருக்குச் சமமாகிவிடும் என்பதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். தலைவர் யோசிக்காமலே நாலரை கொடுக்கச் சொன்னார். செயலாளர் ஊரின் மாதா கோயில் படத்துக்கும் நாலரை கேட்டார். அதையும் கொடுத்தார்கள். கடவுளர் விஷயத்தில் ஒன்றியம் எப்போதும் பெருந்தன்மையானது. அரைமணி நேரம் கழித்துத் தலைவர் மட்டும் திரும்ப அழைத்து, மூன்றுக்கும் நாலரைக்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்கு அவ்வளவு தெரியுமோ என்று விசாரித்தார்.

பதின்மூன்றாவது திருத்தத்தில் எல்லோரும் ஒருவாறு அடங்கினார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் தலைவர் கடைசியாக ஒருமுறை அழைத்தார். இம்முறை தனக்காக இல்லை. “தங்கச்சி, குகனுக்கு ஒண்டரையெண்டு போட்டிருக்கிறியள். அந்தப் பிள்ளை எவ்வளவு ஓடியாடித் திரிஞ்சது. இரண்டேகாலாக்கிவிடுங்கோ.”

சிறிதேவிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் பிறகு அவளுக்கு மிகவும் கஷ்டமாயிருந்தது. இத்தனை பேரையும் நக்கலடித்துக்கொண்டிருந்தவள், தன் வீட்டுக்காரருக்கு முக்கால் பொயின்ற் கூடியபோது முகம் மலர்ந்து ‘நன்றி அண்ணை’ என்றாள். வரியைத் திருத்தினாள். காரணம் என்ற இடத்தில் ‘தலைவர் சொன்னார்’ என்று மட்டும் எழுதினாள். பதினான்காம் திருத்தம்.

அடுத்த நாள் குகநேசன் மலர்க் கோப்பை யுஎஸ்பிக் குச்சியில் ஏற்றிக்கொண்டு கடைசிப் பார்வைக்காகத் தலைவர் வீட்டுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கொண்டுவந்தான். சில எழுத்துப் பிழைகள் திருத்தியிருப்பதாகவும், நாளைக்கே அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு, யாரும் கேளாமலே குப்பை கொட்டக் கீழே போனான். அதுதான் அவளை உடனே இரண்டாம் பக்கத்தைத் திறக்க வைத்தது.

‘பக்க வடிவமைப்பு: மலர்க்குழு’ என்றிருந்தது.

அவன் மேலே வந்ததும் கேட்டாள். தலைவர்தான் அப்படிப் போடச் சொன்னார் என்றான். தனிப்பட்டவர்களுடைய பெயர் போட்டால் வீண் மனஸ்தாபம் வருமாம். பதவியில் இல்லாத ஒருவருக்குப் பெயர் போட்டால் நாளைக்கு மண்டபம் கூட்டியவரும் கேட்பாராம். ஒன்றியத்தில் எல்லோரும் சமம்தானே. தானும் யோசித்துப் பார்த்ததில் அதுதான் வடிவு என்று பட்டதாகச் சொன்னான்.

“கூட்டத்திலை எழுதினது?”

“அதை ஆர் போய்ப் பாக்கப்போகினம்? என்ரை பேர் இருக்குத்தானே, தேவி. அதிலை நீரும் சேத்திதானே.”

எப்போது சொன்னார் என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றான். தலைவர் அவளுக்குத் தொலைபேசி எடுத்த அதே வியாழக்கிழமை. முக்கால் பொயின்ற் எதற்குக் கூடியது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விலையைத் தன் கையாலேயே தட்டச்சு செய்து, நன்றியும் சொல்லியிருக்கிறாள்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்தால் அவன் சமாதானம் சொல்வான்; சமாதானத்தின் முடிவில் அவளே ‘சரி விடுங்கோ’ என்பாள். பதினெட்டு வருடமாக அது அப்படித்தான் முடிந்துகொண்டிருந்தது. அவன் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி பார்க்கத் தொடங்கியதும், அவள் மறைந்த எழுத்தைத் திரையில் வரவழைத்து, குகநேசன் என்ற பெயருக்கு எதிரே இருந்த காரணத்தை அழித்தாள். ‘மனைவியின் பெயரை எடுத்ததற்குப் பதிலாக’ என்று எழுதினாள். யாருக்காகவும் இல்லை. உண்மை எங்காவது ஓரிடத்திலாவது சரியான கட்டத்துக்குள் இருக்கட்டும் என்று பட்டது. மறுபடி மறைத்துவிட்டுக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை வேலையிடத்துக்கு அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆர்னே என்ற மெதுவாகப் பேசும் மனிதன். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரேயொரு கேள்வி என்றான். கடைசியில் ஒரு பக்கம் மறைந்த எழுத்தாக இருக்கிறது, அட்டவணை மாதிரி. தனக்கு வாசிக்கத் தெரியாது. ஆதரவாளர்களின் பெயர்ப் பட்டியலாக இருக்குமோ என்று நினைக்கிறான். அதையும் அச்சிட வேண்டுமா? அச்சிட்டால் சரியாகத் தொண்ணூற்றாறு பக்கம், நாலால் பிரிபடும், மடிக்க நல்லது. இல்லாவிட்டால் தொண்ணூற்றைந்து, கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் விடவேண்டியிருக்கும்.

ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவள் கோப்பைத் திறந்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அலுவலகத்தில் எந்த அட்டவணை செய்தாலும் தலைப்பில் யார் செய்தது, எத்தனையாவது திருத்தம் என்று எழுதுவது விதி. விரல் பழக்கத்தில் இங்கேயும் எழுதியிருந்தாள். ‘தயாரித்தவர்: சிறிதேவி குகநேசன். திருத்தம் 14.’

அதை இரண்டு தரம் வாசித்தாள். தொண்ணூற்றாறு பக்கத்திலும் அவள் பெயர் இருந்த ஒரே இடம் அது.

பழிவாங்குகிறேனா என்று தன்னைக் கேட்டுப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்தது. ஆர்னே அவசரப்படாத மனிதன். அவன் மூச்சு விடுவது கேட்டது. பழி என்றால் நெஞ்சு கொதிக்கவேண்டும். கொதிக்கவில்லை. பசித்தவளுக்கு முன்னால் தட்டு வைத்ததுபோல் மட்டும் இருந்தது. இந்தப் பெயருக்குக் கீழே இருக்கும் வரிகள் எல்லாம் அந்த மனிதர்கள் வாயாலேயே சொன்னவை. அவள் ஒன்றும் கட்டிச் சேர்க்கவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம். பூமணியக்காவை நினைத்தபோது மட்டும் மனம் தயங்கியது. எதுவும் கேட்காத மனுசிக்கு அதில் என்ன அவமானம் என்று தானே சொல்லிக்கொண்டாள்.

“ஓம், போடுங்கோ” என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு நோர்வேஜிய மொழியில் ஒருமுறை சொன்னாள்.

விழா நல்ல சனம். மண்டபத்தில் நானூறு பேர். தலைவர் பட்டுவேட்டியும் கோட்டும் அணிந்திருந்தார். மலரைச் சிறப்பு விருந்தினர் வெளியிட, ஸ்தாபகத் தலைவர் முதற்பிரதியைப் பெற்றுக்கொண்டார். பிரதிகள் வரிசை வரிசையாகப் போயின. ஒவ்வொருவரும் முதலில் தன் படத்தைத் தேடிப் பக்கத்தில் இருப்பவருடையதோடு ஒப்பிட்டார்கள். தலைவர் உரையாற்றத் தொடங்கினார். எங்கள் மண்ணில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவர் சொன்ன இடத்தில், மூன்றாம் வரிசையில் யாரோ கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

தாள் புரளும் சத்தம் முதலில் அங்கே கேட்டது. பிறகு நாலாம் வரிசையில். பிறகு மழை வருவதுபோல் மண்டபம் முழுக்க. தலைவர் தன் பேச்சுக்குத்தான் சபை அவ்வளவு அசைகிறது என்று நினைத்துக் குரலை உயர்த்தினார். நான்கு மலர்களிலும் ஒருவரும் வாசிக்காத அளவுக்கு அந்த ஒரு பக்கத்தைச் சனம் வரிவரியாக, விரல் வைத்து வாசித்தது. சச்சிதானந்தனின் மனைவி மலரை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். சச்சிதானந்தன் பக்கத்து மனிதருடையதை எட்டிப் பார்த்தார். ஆலோசகரின் தம்பி எழும்பித் தமையனைத் தேடிக்கொண்டு போனார்.

சிறிதேவி பின்வரிசையில் ஓரமாக இருந்தாள். தரவரிசை வைத்திருக்கிறார்களே என்று யாராவது கொதிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒருவரும் கொதிக்கவில்லை. வரிசை இருப்பது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. தான் நிற்கும் இடம்தான் பிழை. இவருக்கு என்னத்துக்கு இரண்டேகால் என்றுதான் நாலாபக்கமும் கேட்டது. அவளிடம் நேரே வந்த முதல் ஆள் பூமணியக்கா. மலரை விரித்துத் தன் வரியில் விரலை வைத்தபடி வந்தார். சிறிதேவி எழுந்து நின்றாள். இந்த ஒரு ஆளுக்கு முன்னால் மட்டும் தான் நிமிர்ந்து நிற்கலாம் என்று நம்பினாள்.

“கேட்டாத் தருவினம் எண்டு எனக்கென்னெண்டு பிள்ளை தெரியும்? பதினைஞ்சு வருசம் வடை சுட்டனான். முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே.”

பூமணியக்கா மலரை மடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். அன்று இராச்சாப்பாட்டுக்கு வைத்திருந்த வடை கடைசிவரை மண்டபத்துக்கு வரவில்லை.

தலைவர் மேடையால் இறங்கியபோது யாரோ மலரைக் கையில் கொடுத்தார்கள். அவர் நின்றபடியே வாசித்தார். அவருடைய முகத்தைப் பார்க்க அவள் விரும்பினாள், ஆனால் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் செயலாளர் வந்து, அடுத்த கூட்டத்துக்குத் தங்கச்சி வரத் தேவையில்லை, கோப்புகளை எல்லாம் குகனிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று மரியாதையாகச் சொன்னார். யேசுரட்ணத்தின் குரலில் கோபத்தோடு வேறொன்றும் இருந்தது. போகும்போது, தலைவருக்கு மூன்று என்று தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே என்றார்.

குகநேசன் விழா முடியும்வரை அவள் பக்கம் வரவில்லை. மண்டப வாசலில் வந்து அவளோடு சேர்ந்து நடந்தான். ஐந்தாம் இலக்க ரயிலில் இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மூன்று தரிப்பிடம் கழிந்தபின் கேட்டான்.

“தெரிஞ்சுதான் செய்தனீரோ?”

“ஓம்.”

“பிழையா அச்சாகிப் போச்செண்டு சொல்லலாம். அச்சகத்தின்ரை பிழையெண்டு நான் எல்லாருக்கும் சொல்லுறன்.”

“வேண்டாம். அந்தாள் கேட்டவர். நான்தான் போடச் சொன்னனான்.”

அவன் மடியிலிருந்த மலரைப் பார்த்தான். மண்டபத்தில் நானூறு பேர் வாசித்ததை அவன் இன்னும் வாசிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது எல்லோரும் அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

“எனக்கு நேரை என்ன எழுதியிருக்கிறீர்?”

“வாசியுங்கோ.”

அவன் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். பெயர்கள் அகரவரிசையில் இருந்ததால் அதிகம் தேடவேண்டியிருக்கவில்லை. வாசித்துவிட்டு அவன் மலரை மூடவில்லை. மடியில் திறந்தபடியே வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தான். அவனுடைய காது சிவந்திருந்தது. ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தது.

திறந்திருந்த பக்கம் எதிரிலிருந்த அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. விழா முழுவதும் அவள் அந்தப் பக்கத்தை எத்தனை தரம் திறந்தாள் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் யாருடைய வரிக்கும் போகாமல் நேரே தலைப்புக்குத்தான் போயிருந்தாள். இப்போதும் கண் அங்கேயே போனது. ‘தயாரித்தவர்’ என்பதும் அவள் பெயரும் பத்தாம் அளவு எழுத்தில் இருந்தன. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அவ்வளவாகக் கண்ணில் படாது. பன்னிரண்டாம் அளவாவது போட்டிருக்கலாம்.